காரணமின்றிப் போகிறவர்களுக்கு மட்டும்

துரிஞ்சலாற்றங்கரையில் புங்கந்தாங்கலிலிருந்து ஈச்சங்குப்பம் வரை ஆறு கிலோமீட்டர் மண்பாதை ஒன்று உண்டு. அதில் எந்தக் காலத்திலும் மோட்டார் வண்டி போனதில்லை. யாரும் தடுத்ததால் அல்ல, போக முடியாது, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கரும்புக்கொல்லை, நடுவில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு இடம். ஆகவே அந்தப் பாதையை "மோட்டார் போக்குவரத்து அற்ற மிதிவண்டிச் சுற்றுலாப் பாதை" ஆக்குவதென்று மேலிடத்தில் முடிவானபோது, அரசாங்க வேலைகளில் இவ்வளவு சுலபமாக முடியக்கூடியது ஒன்று கிடைத்ததே என்று ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட்டவர்களில் ஆதிலட்சுமியும் ஒருத்தி.

ஆதிலட்சுமிக்கு மூன்று கறவை மாடுகள். அவற்றின் பாலையும், மூர்த்தி வீடு, ராணியம்மாள் வீடு என்று அக்கம்பக்கத்து நாலு வீட்டுப் பாலையும் இரண்டு கேன்களில் ஊற்றிக்கொள்வாள். மகள் பூஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளின் பின்னால் அவற்றைக் கட்டிக்கொண்டு, காலை ஏழு மணிக்குள் ஈச்சங்குப்பம் பால் சங்கத்தில் சேர்ப்பாள். ஏழுக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். தார்ரோடு வழியாகவும் போகலாம். ஆனால் இரண்டு மடங்கு தூரம். போன வருஷம் அப்படிப் போனபோது ஜல்லி லாரி ஒன்று உரசி, முழங்காலில் தையல் போடும்படி ஆயிற்று. அன்றிலிருந்து அந்த ரோட்டுப் பக்கம் அவள் தலைவைத்தும் படுப்பதில்லை. கரைப்பாதை இல்லையென்றால் மாடுகளை விற்றுவிட வேண்டியதுதான்.

வெளிநாட்டில் ஏதோ ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஜனங்கள் வாரக்கணக்காகச் சைக்கிளில் சுற்றுகிறார்கள் என்று யாரோ பெரிய இடத்தில் படம் போட்டுக் காட்டினார்களாம். அதன் பலனாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் "நதிப்பள்ளத்தாக்கு மிதிவண்டிச் சுற்றுலா மேம்பாட்டுப் பிரிவு" என்று ஓர் அறை ஒதுக்கி, அந்த அறையில் இளஞ்செழியன் என்கிற திட்ட அலுவலரையும் உட்காரவைத்தார்கள்.

அலுவலர் நேரில் பார்வையிட ஜீப்பில் வந்தார். ஜீப் பாதைக்குள் நுழையவில்லை. மோட்டார் வண்டி போகாத பாதையைப் பார்வையிட மோட்டார் வண்டி போயாக வேண்டியிருந்ததால், முதல் வேலையாகப் பாதையை அகலப்படுத்தினார்கள். பிறகு அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பள்ளத்தாக்குன்னு ஃபைல்ல இருக்குதே, பள்ளம் எங்க?" என்று கேட்டார். ஆற்றில் மணல் அள்ளிய குழிகளை ஊர்க்காரர்கள் காட்டினார்கள். அலுவலருக்குப் பரம திருப்தி.

திறப்பு விழா முடிந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். உடம்போடு ஒட்டிய பளபள சட்டை, பூசணி விதை மாதிரி ஹெல்மெட். சைக்கிள்கள் காரின் தலைமேல் உட்கார்ந்து வந்தன. கார்கள் நிற்க இடம் வேண்டுமென்று மூன்று புளியமரங்களை வெட்டினார்கள். வந்தவர்களுக்கு நிழல் இல்லையே என்று அதே இடத்தில் தகரக் கூரை போட்டார்கள். மூன்றாவது ஞாயிறு யாரும் வரவில்லை. வேறெங்கோ இதைவிட நல்ல பள்ளத்தாக்கு திறந்துவிட்டார்களாம்.

நாலாவது திங்கட்கிழமை காலை, பாதை முனையில் புதிதாக ஒரு கேட் நின்றது. கேட்டுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையும் விசிலுமாக வல்லரசு நின்றான். உள்ளூர் ஆள்தான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். காவலர் வேலை கிடைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"நில்லுக்கா. இது வாகனம் இல்லாத பாதை," என்றான்.

"இது சைக்கிள்டா. உங்கம்மா கறந்த பாலும் இதுலதான் கீது."

வல்லரசுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டை விடவில்லை. "சார் வந்துக்கிறாரு. அவரையே கேட்டுக்கக்கா."

இளஞ்செழியன் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்கம்மா போறீங்க?"

"ஈச்சங்குப்பம் சார். பால் சங்கத்துக்கு."

"பாத்தீங்களா! ஒரு எடத்துக்குப் போறீங்க. வேலையா போறீங்க. நேரத்துக்குப் போறீங்க. இதுக்குப் பேருதாம்மா போக்குவரத்து. இது போக்குவரத்து இல்லாத பாதை."

"அப்ப யாருதான் சார் போலாம்?"

"எங்கயும் போகாதவங்க போலாம்."

சொன்னதோடு நிற்காமல் விதிப்புத்தகத்தை எடுத்து வாசித்தும் காட்டினார்: "சுற்றுலா மிதிவண்டியாளர் எனப்படுபவர், யாதொரு நோக்கமுமின்றி மிதிவண்டியில் செல்லும் வெளியூர் நபர் ஆவார்."

"இது கவர்மென்ட் குடுத்த சைக்கிள் சார்."

"அது கல்வித் துறை. நாங்க சுற்றுலா."

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் ஜனம் மலைய சுத்திட்டு, கெளம்புன எடத்துக்கே வந்து சேருது. அவங்களையும் எங்க போறீங்கன்னு நிறுத்தி வெச்சிக் கேப்பீங்களா?"

"அது பக்திம்மா. அதுக்கு வேற டிபார்ட்மென்ட்."

மணி ஆறே கால். ஆதிலட்சுமி கேனைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். இந்த மனுஷனோடு வாதாடிப் பால் சங்கம் போய்ச்சேர முடியாது என்று தெரிந்துபோயிற்று.

"சரி சார். நான் சும்மாதான் போறேன். எங்கயும் போகல."

"பின்னால கேன் இருக்குதே?"

"தாகத்துக்கு."

இளஞ்செழியன் புத்தகத்தைப் புரட்டினார். சுற்றுலாப் பயணி தம் தாகத்துக்குரிய பானத்தை எடுத்துச் செல்லலாம் என்று இருந்தது. அளவு குறிப்பிடப்படவில்லை.

"நாப்பது லிட்டரா?"

"வெயில் ஜாஸ்தி சார்."

அலுவலர் கெட்டவர் அல்ல. தினமும் ஐம்பது பயணிகளாவது வந்தால்தான் திட்டம் நீடிக்கும், அவரும் அந்த அறையில் நீடிப்பார். போன வாரம் வந்த பயணிகள் பூஜ்யம். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பெயர் எழுதினாள். ஊர் என்கிற இடத்தில், தங்கச்சி வீடு தாம்பரத்தில் இருக்கிற தைரியத்தில் சென்னை என்று எழுதினாள். பயண நோக்கம் என்கிற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வல்லரசு ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தான்.

மறுநாள் மூர்த்தி வந்தார். யூரியா மூட்டையைத் தலையணை என்று எழுதினார். ராணியம்மாள் ஒரு கூடை மல்லிப்பூவைத் தன் தலைக்கு என்று எழுதினாள். வேடியப்பன் சந்தைக்குக் கொண்டுபோன கிடா, செல்லப்பிராணி ஆயிற்று. வாரக் கடைசிக்குள் ஊரில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஹெல்மெட்டோடு சென்னைக்காரர்களாகிவிட்டார்கள். அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டோம் என்று டீக்கடையில் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவள் என்று ஆதிலட்சுமிக்கு ஊரில் ஒரு தனி மரியாதையும் வந்தது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. வழியில் இரண்டு இடத்தில் "இயற்கை எழில் முனை" வைத்திருந்தார்கள். பயணிகள் அங்கே இறங்கி மூன்று நிமிஷம் ரசிக்க வேண்டும். ரசிக்கிறார்களா என்று பார்க்க வல்லரசு பின்னாலேயே வந்து விசில் ஊதுவான்.

"ரசிச்சிட்டேன்டா, உடு. மணி ஆகுது."

"இன்னும் ஒரு நிமிஷம் கீதுக்கா. ஆத்தப் பாரு."

"ஆத்துல தண்ணியே இல்லியேடா."

"எனக்கு இன்னா தெரியும்? இருக்கறத ரசி."

இப்படியே இரண்டு மாதம் போனது. பயணிகள் எண்ணிக்கை நாளொன்றுக்கு அறுபத்து நாலில் நின்றது. வேங்கிக்காலில் இளஞ்செழியனுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். அந்த உற்சாகத்தில் அவர் பாதையின் பயன்பாடு குறித்து ஓர் அறிக்கை தயாரித்தார். அதில் அவர் ஒரு பொய்கூட எழுதவில்லை. பதிவேட்டில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதினார்.

மறுவாரம் ஆதிலட்சுமி ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஈச்சங்குப்பத்தில் இறங்கினாள். பால் சங்கத்துக் கட்டிடத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. வாசலில் வாழைமரமும் தோரணமும். உள்ளே பால் அளக்கிற ஆளும் இல்லை, தராசும் இல்லை. நாற்காலி போட்டு இளஞ்செழியன் உட்கார்ந்திருந்தார்.

"சார், பால் எடுக்கறவங்க எங்க?"

"அது தார்ரோட்டுக்குப் போயிடுச்சும்மா, லாரி நிக்கற எடத்துக்கு. இது இனிமே பயணிகள் இளைப்பாறும் மையம். உங்களுக்காகத்தான்."

"எங்களுக்காகவா? நாங்க தெனமும் பால் கொண்டாந்து ஊத்துற எடம் சார் இது!"

இளஞ்செழியன் உண்மையாகவே குழம்பிப்போனார். பையிலிருந்து பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.

"இந்தப் பாதையில பால் கொண்டு போறவங்க ஒருத்தரும் இல்லம்மா. ரெண்டு மாசக் கணக்கு இது. இங்க பாருங்க, ஆதிலட்சுமி, சென்னை, நோக்கம் ஒன்றுமில்லை. உங்க கையெழுத்துதானே?"

"பால் சங்கத்து நோட்டுல பாருங்க சார். தெனம் எத்தினி லிட்டர் ஊத்துனோம்னு இருக்கும்."

"அது வேற டிபார்ட்மென்ட்." பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு சொன்னார்: "இதுல எழுதுனது பொய்யின்னா சொல்லுங்க, மாத்திடலாம். ஆனா பொய்யா எழுதிக் குடுத்ததுக்குக் கேஸ் வரும். உங்க மேல மட்டும் இல்ல, அறுபத்து நாலு பேரு மேலயும்."

ஆதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஊரே ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தது. யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் தானும் திறக்கலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எதுக்கு வம்பு, சும்மா இரு ஆதிலட்சுமி," என்றார் மூர்த்தி. அவர் வீட்டுப் பாலும் அந்தக் கேனில்தான் இருந்தது.

அந்த நேரம் கரைப்பாதையில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பாதைதான் அகலமாகிவிட்டதே. பயணிகளின் வசதிக்காக வருகிற வேன் போக்குவரத்தில் சேராது என்று ஒரு திருத்தம் வந்திருந்தது. அதிலிருந்து பாக்கெட் பாலை இறக்கினார்கள். மையம் திறந்ததை முன்னிட்டு முதல் நூறு பயணிகளுக்குக் காபி இலவசம் என்று வல்லரசு விசில் ஊதி அறிவித்தான்.

ஆதிலட்சுமிக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் முதல் டம்ளரை அவள் கையில் திணித்து, பேப்பருக்குப் படம் எடுத்தார்கள். மூன்று மாட்டில் எதை முதலில் விற்பது என்று யோசித்தபடியே அவள் குடித்தாள். சூடாகத்தான் இருந்தது.

பின்னால் வரிசையில் தள்ளுமுள்ளு. ஆளுக்கு ஒன்றுதானா, இரண்டு தருவார்களா என்று ராணியம்மாள் விசாரித்துக்கொண்டிருந்தாள். சைக்கிள்கள் வெயிலில் நின்றன, கேன்களும் அவற்றின்மேலேயே இருந்தன. மூர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். பால்தான் கொஞ்சம் கம்மி," என்றார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.