விமானத்தில் கட்டிய மிளகாய் விஷயமாக

மீனாட்சிபுரம்,
திங்கட்கிழமை

உயர்திரு ஈஸ்வரன் அவர்கள் சமூகத்துக்கு, பெண்ணைப் பெற்ற நாச்சிமுத்து பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் சம்சாரம் பழனாத்தாளும் மகள் இந்துவும் மாடுகளும் நலம். கோவிந்தாபுரத்தில் தாங்களும் வீட்டம்மாவும் மாப்பிள்ளை வேல்முருகனும் நலமா, முக்கியமாகத் தங்கள் இரண்டு கண்களும் நலமா என்று அறிய ஆவல்.

வெள்ளிக்கிழமை பெண் பார்த்துவிட்டுப் போனபின் தங்களுக்குப் பலமுறை போன் செய்தேன், எடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றமுன்னு சொன்னாங்க" என்கிறார் தரகர். நல்ல இடம், தெரிந்த குடும்பம், கூப்பிடு தூரத்தில் மகள் இருப்பாள் என்று எத்தனை ஆசையாக இருந்தேன்! அது கைவிட்டுப் போகுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று தாங்கள் பார்த்த அந்த விமானம் எப்படி வந்தது என்றால், எனக்கே சரியாகத் தெரியாது. கஞ்சிக்கோட்டில் வேலைக்குப் போகிற பெண், லீவு நாளில் தூங்குவாள் என்று பார்த்தால், மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்திருந்த அறையைக் காலி செய்து பட்டறை ஆக்கிவிட்டாள். பார்சலில் பால்சா என்று ஒரு கட்டை வந்தது. கையில் வாங்கினால் எடையே இல்லை, ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். அதைப் பிளேடால் அறுத்து, குண்டூசி குத்தி, பசை போட்டு மீன் முள் மாதிரி ஒரு கூடு கட்டினாள். பிறகு அதன்மேல் ஒரு சிவப்புத் தாளைப் போட்டு, சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி இஸ்திரி போட்டாள். என் சட்டைக்குப் போட்டதில்லை. அந்தப் பசையைத் தெரியாமல் தொட்டுவிட்டு நான் கேன் மூடியைப் பிடிக்க, கையும் மூடியும் ஒட்டிக்கொண்டு, பால் சொசைட்டியில் எல்லோருக்கும் மூடியாலேயே கும்பிடு போட்டேன். "இதுல ஆளு ஏறலாமா?" என்று அவளைக் கேட்டேன். முடியாது என்றாள். "சரக்கு?" அதுவும் முடியாதாம். "அப்புறம் எதுக்கு அம்மிணி?" "பறக்கறதுக்குத்தானுங்கப்பா" என்றாள். இதற்குமேல் ஒரு தகப்பன் என்ன கேட்பது?

எங்கள் வீட்டில் டிராக்டரானாலும் மொபெட்டானாலும் பூஜை போடாமல் வாசல் தாண்டாது. சந்தனம், குங்குமம் வைத்தபின் பழனாத்தாள் திகைத்து நின்றாள். விமானத்துக்குச் சக்கரமே இல்லை. எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது? நசுக்காவிட்டால் போகிறது என்று, பழத்தையும் பச்சை மிளகாயையும் சேர்த்துக் கோத்து மூக்கிலேயே கட்டிவிட்டாள். "அம்மா, மூக்குல சுத்தற காத்தாடியில சிக்கிக்கும்" என்று இந்து அவிழ்த்து வைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை தாங்கள் வரும் முன் அவள் சேலை மாற்றப் போன நேரத்தில், "நாலு பேரு கண்ணு படற நாளுல அவுக்கப்படாது" என்று இவள் மறுபடி கட்டி, மேலே பூவைச் சுற்றி மறைத்துவிட்டாள்.

தாங்கள்தான் பெருந்தன்மையாக, "ஏனம்மிணி, இது நெசமாலுமே பறக்குமா?" என்று கேட்டீர்கள். பெரியவர் கேட்டபின் மாட்டேன் என்பாளா? களத்தில் நின்று ஒரு கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு மறு கையால் வீசினாள். தலைக்குமேல் போகும்போது கயிறு தளர்ந்து காத்தாடியில் மாட்டியது. விர்ரென்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்த தங்கள் கண்ணில் விழுந்தது மிளகாய், வீட்டம்மாவின் பட்டில் விழுந்தது எலுமிச்சை. விமானம் மட்டும் ஒன்றும் ஆகாமல் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கோல் போரில் உட்கார்ந்தது. தங்கள் கண்ணில் கறந்த பாலை ஊற்றியது எங்கள் ஊர் வைத்தியம். செம்போடு ஊற்றியது மட்டும் பதற்றம்.

இதில் என் மகள் செய்த தப்பு என்ன என்று எனக்கும் பிடிபடவில்லை, இருந்தாலும் மன்னிக்கவும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பால்சாவைத் தொட மாட்டாள், அதற்கு நான் ஜவாபு. பட்டறையில் மறுபடி புண்ணாக்கை அடுக்கிவிடுகிறேன். மனம் இரங்கி ஞாயிற்றுக்கிழமை தாம்பூலம் மாற்ற வாருங்கள். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மாரியம்மன் குளிர்ந்த பார்வை தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக ஆசைப்படும்
நாச்சிமுத்து

பி.கு.: தபாலில் போடச் சொல்லி இந்துவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "மாப்பிள்ளைகூடத் தனியாப் பேசச் சொல்லித் தோப்புப் பக்கம் அனுப்புனீங்கல்லப்பா, அங்க அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாருங்க. 'இத எந்தப் பையன் உனக்குச் செஞ்சு குடுத்தான்'னு" என்றாள். சாமி, ஆள் ஏறாத விமானத்தை இவள் ஏன் செய்தாள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் யார் செய்தது என்று எனக்குத் தெரியும். விரல் முழுக்க ஊசி குத்து, கண் முழுக்க மரத்தூள், அவள் உட்கார்ந்திருந்ததைக் கதவோரம் நின்று பார்த்தவன் நான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதிய தாளைக் கிழிக்க மனமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன், மேலே கெஞ்சிய இடங்களைத் தாங்களே அடித்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அன்று விமானத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வீச ஓர் ஆள் வேண்டுமாம். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.