கார்டுக்குச் சந்தனம் வைத்த மாப்பிள்ளை

மாமனார் மில்லில் வேலைக்குச் சேருகிற மாப்பிள்ளைக்கு அறிவு கட்டாயமில்லை. மடிப்புக் கலையாத சட்டை போதும். என்னிடம் அப்படிப்பட்ட சட்டைகள் நிறைய இருந்தன.

கிணத்துக்கடவு பக்கம் மாமனாரின் நூல் மில். நூலைக் கோனில் சுற்றும் பழைய மெஷின் ஒருநாள் நின்றுவிட்டது. அதை ஓட்டுகிற எலெக்ட்ரானிக் கார்டு செத்துப்போயிருந்தது. செய்த கம்பெனியோ அந்த மாடலை எப்போதோ கைகழுவிவிட்டது. (காலமான மெஷின்களை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊரில் பாதிப் பேர் தொழிலதிபராக உலவுகிறோம்.) அந்த வாரம் திருப்பூருக்கு லோடு போகாவிட்டால் ஆர்டர் பங்காளியின் மில்லுக்குப் போய்விடும். மாமனாருக்கு உயிர் போனாலும் பரவாயில்லை, பங்காளிக்கு ஆர்டர் போகக்கூடாது.

வேறு கார்டு தேடும் பொறுப்பை நானே வாங்கிக்கொண்டேன். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கணபதி ஏரியாவில் பழைய பேனல்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் கிடைத்தது.

“நாடு பூராத் தேடுனாலும் வேற இல்லீங்க. நோண்டாம அப்படியே சொருகிப்போடுங்க” என்றார் அவர்.

எனக்கா சொல்கிறார்? நான் எம்.பி.ஏ. ஆயிற்றே!

மில் வாசலிலேயே மாமனார் காத்திருந்தார். “வாங்க மாப்ளைங்க, மானத்தக் காப்பாத்திப்போட்டீங்க” என்றார். அதோடு என் கால் தரையில் நிற்கவில்லை.

புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மாட்டுவது அங்கே வழக்கம். மற்றவர்கள் அட்டைப்பெட்டியின் மேல் வைப்பார்கள். நான் கார்டையே வெளியே எடுத்தேன். மெஷினில் சொருகுகிற ஓரத்தில் பளபளவென்று தங்கப் பல் வரிசை. இதுதான் முகம் என்று முடிவு கட்டி, பல்லுக்குப் பல் ஈரச் சந்தனத்தை அப்பினேன். பன்னீரும் தெளித்தேன். எலெக்ட்ரீசியன் சாப்பிடப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருந்தால் மாப்பிள்ளை கெத்து என்னாவது? நானே சொருகி, நானே சுவிட்சைப் போட்டேன்.

பட்டென்று ஒரு சத்தம். பிறகு புகை. (சாம்பிராணி என்று நினைத்து ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.)

மாமனார் கத்தவில்லை. “மாப்ளைங்க, ஊட்டுக்குப் போய்ப் படுத்துக்குங்க. மெதுவா எந்திரிச்சாப் போதுமுங்க, அவசரமே இல்லீங்க” என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆர்டர் பங்காளிக்குப் போனது, திரும்பவே இல்லை. அந்த வருமானத்தில் அவர் புதுசாக ஒரு ஷெட்டே கட்டிவிட்டார். இன்றும் கல்யாணப் பந்தியில் என்னைக் கண்டால் விடமாட்டார். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொல்வார்:

“ஏனுங்க, இவருக்கு இன்னொரு ஜிலேபி வையுங்க. எங்க மில்லு ஓடறதே இவரு வெச்ச சந்தனத்துலதானுங்க!”