இருபத்து நான்கு மணி நேரம் காய்ந்த பசை

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். பால் வாங்கினேன். செடிகளுக்கு ஐந்து வாளித் தண்ணீர். 6.30-க்குப் புதுவயலில் என் மருந்துக்கடையைத் திறந்து, காலாவதித் தேதி நெருங்கிய மாத்திரைகளைத் தனி அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தேன். இட்லி நான்கு. 9.15-க்கு மாமனாரின் மோட்டார் சைக்கிளில் கீழச்சிவல்பட்டிக்குக் கிளம்பினேன். நாட்குறிப்பின் அந்தப் பக்கம் இதுவரை தெளிவான கையெழுத்தில் இருக்கிறது. இதற்குக் கீழே ஓர் எண்ணெய்க் கறை.

அந்தக் கறைக்கு நானே பொறுப்பு.

மாமனார் அரிசி ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக அவருக்கு ஒரே வண்டி. இரவில் அதை முன்கூடத்தில்தான் நிறுத்துவார். எஞ்சினின் வலப்பக்க மூடியிலிருந்து எண்ணெய் கசிந்து, காலையில் தரையில் உள்ளங்கை அளவு தேங்கி நிற்கும். அத்தை அந்தக் கூடத்துக்குப் புதிதாக ஆத்தங்குடிக் கல் பதித்ததும் நிலைமை முற்றிவிட்டது.

"ஒங்க அத்தை சொல்லிப்புட்டா மாப்ளே. பதினாறாம் தேதிக்குள்ள ஒழுகு நிக்கணுமாம். இல்லைன்னா மறுநாளு எட்டு மணிக்கு பழைய இரும்புக்காரன் வந்துருவான்."

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்துச் சொன்னார். நான் சரிசெய்து தருகிறேன் என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

வண்டியைப் புதுவயலுக்குக் கொண்டுவந்து மெக்கானிக் காதர் பாயிடம் காட்டினேன். மூடிக்கு இடையில் வைக்கும் காகிதப் பேக்கிங் கிழிந்திருந்தது. அந்த மாடலுக்கு இப்போது அது வருவதில்லை, கசிவை அடைக்கும் சீலண்ட் மட்டும் பூசி மூடிவிடலாம், அரை மணி நேர வேலைதான், இங்குட்டு விட்டுவிட்டுப் போங்கள் என்றார் பாய். அரை மணி நேரத்தில் முடிகிற எதையும் நான் நம்புவதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உதிரிபாகக் கடையில் மூன்று சீலண்ட் இருந்தன: பாட்டிலில் பழுப்பு நிற ஷெல்லாக், டியூபில் சிவப்பு சிலிக்கான், டியூபில் சாம்பல் சிலிக்கான். எல்லாம் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். இருபத்திரண்டு வருடம் மருந்து விற்றவனால் அந்தச் சொல்லைத் தாங்க முடியாது. மூன்றையும் வாங்கினேன். மூன்று தகரத் துண்டுகளில் தடவி, காயவிட்டு, எஞ்சின் ஆயில் ஊற்றிய மூன்று பாட்டில்களில் போட்டு, பெயரும் தேதியும் நேரமும் எழுதிய லேபிள் ஒட்டிச் சமையலறை அலமாரியில் வைத்தேன்.

என் மனைவி சுமதி இரண்டு நாள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், "இதுல எந்த ஊறுகா மொதல்ல ஊறும்?" என்று கேட்டாள்.

ஏழாம் நாள் எடுத்துப் பார்த்தேன். ஷெல்லாக் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. சிவப்பு சற்றே உப்பியிருந்தது. சாம்பல் அப்படியே இருந்தது. சாம்பலைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு சரி என்று இன்றும் எவரிடமும் வாதாடுவேன். கடைப் பழக்கப்படி, டியூபைத் திறந்த தேதியை எழுதி அதன் முதுகில் ஒரு லேபிள் ஒட்டினேன். அதற்குக் கீழே அச்சில் இருந்தது: முழுமையாகக் காய 24 மணி நேரம்.

லேபிளில் உள்ளதை மீறாதவன் நான். வெள்ளிக்கிழமை மாலை 7.10-க்கு மூடியின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே சீராகப் பூசினேன். பக்கத்து அரிசி ஆலையின் தவிட்டுத் தூசி படாமல் மூடியையும் எஞ்சினையும் தனித்தனியே கொசுவலைக்குள் வைத்தேன். சனிக்கிழமை மாலை 7.10-க்குத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்து ரப்பர் போல் இருந்தது. மூடியைப் பொருத்தி, திருகுகளை முடுக்கி, எண்ணெய் ஊற்றினேன். கீழே விரித்த வெள்ளைத் தாளில் காலை வரை ஒரு சொட்டு இல்லை. குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன்.

திருப்பத்தூர்ச் சாலையில் வலது காலில் ஈரம் தெரிந்தது. வெயில், வியர்வை என்று நினைத்தேன்.

10.25-க்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டியைக் கூடத்தில் ஏற்றி நிறுத்தி, செருப்பை வாசலில் விட்டு, கொல்லையில் கை கழுவி, சாமி அறையில் திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று சீலண்டுகளின் குணங்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். மாமனார் தலைகுனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று எண்ணினேன்.

அத்தை காப்பியைக் கொடுத்தார். "வீட்டுக்குள்ள எங்கெங்க போனீகன்னு நீங்க சொல்லவே வேணாம் மாப்பிள்ளை. தரையே சொல்லுது."

அப்போதுதான் பார்த்தேன். வாசலிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து சாமி அறைக்கு, அங்கிருந்து நாற்காலிக்கு, புதுக் கல்லின் மேல் கறுப்புக் காலடிகள். வலது கால் மட்டும். வேட்டியின் வலப்பக்கம் முழங்காலுக்குக் கீழே பழுப்பு. வண்டிக்கு அடியில் குடத்து மூடி அளவுக்கு எண்ணெய்.

காதர் பாய்க்குப் போன் போட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அது பசைண்ணே, பெயிண்டு இல்லை. ஈரமா இருக்கயிலயே மூடணும். தபால் கவருல பசையத் தடவிட்டு மறுநாளுதான் ஒட்டுவீகளா?"

டியூபில் அப்படி எழுதியிருக்கவில்லை, நான் முழுவதும் படித்தேன் என்று வாதாடினேன். பாய் போனை வைத்துவிட்டார். மாமனார் எழுந்து போய் வண்டிக்கு அடியில் ஒரு பழைய தாம்பாளத்தை வைத்தார். திரும்பி வந்து, சாப்பிடுங்க மாப்ளே என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போதும் கிருஷ்ண ஜெயந்தி அன்று வாசலில் பிஞ்சுப் பாதம் வரைய அரிசி மாவைக் கரைக்கும்போது, அத்தை சுமதிக்குப் போன் போட்டு, மாப்பிள்ளை சும்மா இருந்தா அனுப்பி வை, ஒத்தக் காலுன்னாலும் அச்சு நல்லா விழும் என்பார். சுமதியும் பதிலுக்கு, வேட்டி காயுதும்மா, இருபத்துநாலு மணி நேரம் ஆகும் என்பாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அந்த ஞாயிறு இரவு மாமனார் வீட்டிலேயே தங்கினேன். 17-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை 5.40. கூடத்தில் மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு, என் பையிலிருந்த டியூபை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒங்க லேபிளுக்கு அடியில என்னமோ எழுத்து ஓடுதே."

அன்று நான் செய்த முதல் வேலை, கட்டைவிரலை நனைத்து என் லேபிளை உரித்தது. அடியில் ஒரு வரி இருந்தது: பூசிய பத்து நிமிடத்துக்குள் பாகங்களை இணைத்து முடுக்கவும். அவருக்குக் கேட்கும்படி வாசித்துக் காட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வண்டி சீட்டின் மேல் வைத்துவிட்டு, ஸ்பானரை எடுத்தார். எண்ணெயை வடித்து, காய்ந்ததைச் சுரண்டி, துடைத்து, நான் பூசினேன், அவர் மூடினார். பூசியதிலிருந்து முடுக்கும் வரை நான்கு நிமிடம்.

எட்டு மணிக்கு இரும்புக்காரர் வந்தார். மாமனார் வாசலை மறித்து நின்றார்.

"இருபத்துநாலு மணி நேரம் காயணுமாம்ப்பா. எங்க மாப்ள சொல்றாக. நாளைக்கு வா."

இரும்புக்காரர் அந்தத் தெருவில் வரும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்கிறார். மாமனார் இன்றுவரை நாளைக்கு என்றுதான் சொல்கிறார்.