ஜோடி சேராத முட்டி

அன்று அனாடமி லேபில் இருந்தவர்கள் நான்கு பேர். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் சார், எங்கள் துறை மேடம், லேப் அட்டெண்டர் முனுசாமி அண்ணன், அப்புறம் நான். என் கையில் ஒரு ஷூ பெட்டி, பெட்டிக்குள் ஒரு முட்டி. இல்லாதவர்கள் இரண்டு பேர்: என் அம்மா ஸ்டெல்லா, எதிர்வீட்டு செல்வி அக்கா. இருவரும் அந்நேரம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலையில் இருந்தார்கள். ஆனாலும் அன்று லேபில் அதிகம் பேசப்பட்டவர்கள் அவர்கள்தான்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போகிறவனைப் போலத் தாங்க முடியாத பிராணி கிடையாது. பிசியோதெரபியில் சேர்ந்த முதல் மாதமே அப்பா குனிந்து செருப்பு மாட்டினால், அவருடைய இடுப்பில் என்னென்ன நடக்கிறது என்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். சாப்பிடும்போது தாடைத் தசை, கொட்டாவி விட்டால் இன்னொரு தசை. அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் டிரம் மிஷின் ஓட்டுகிறவர், பேச்சு கம்மி. அவரே ஒருநாள், "இந்த ஊட்ல நிம்மதியா கொட்டாவி கூட வுட முடியல" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இவ்வளவு பேசிய நான் அனாடமி பிராக்டிக்கலில் ஃபெயில்.

இது இரண்டாவது முயற்சி. இதில் பாஸானால்தான் இரண்டாம் வருஷம், வார்டு, வெள்ளைக் கோட்டு. அம்மா அந்தக் கோட்டை முன்கூட்டியே தைத்து, இஸ்திரி போட்டு, பீரோ கைப்பிடியில் மாட்டிவிட்டிருந்தார். அவருடைய லைனில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அந்தக் கோட்டைப் பற்றித் தெரியும். ஃபெயிலானால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பேக்கிங் செக்‌ஷனில் ஆள் தேவைப்படுகிறது என்று சூப்பர்வைசர் வேறு அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். (மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.)

எனக்கு வந்த தலைப்பு, முட்டியில் மெனிஸ்கஸைப் பிடித்து வைத்திருக்கும் லிகமென்ட்கள். மாடல் செய்து காட்ட வேண்டும். இருபது மார்க். மற்றவர்கள் தெர்மோகோலில் செய்தார்கள். நான் ஆம்பூர்க்காரன். தோலில் செய்தேன்.

மெனிஸ்கஸ் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நடுவே கிடக்கும் இரண்டு மெத்தைகள். உள்பக்கத்தில் இருப்பது பிறை மாதிரி. வெளிப்பக்கத்தில் இருப்பது ஏறக்குறைய முழு வட்டம். இரண்டின் விளிம்பையும் சுற்றி, கொரோனரி லிகமென்ட் என்கிற நார்ப்பட்டை கீழ் எலும்போடு பிடித்து வைத்திருக்கிறது. முன்பக்கம் இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு பட்டை. உள்பக்கத்து மெத்தை மட்டும் முட்டியின் பக்கவாட்டு லிகமென்டோடும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதிகம் அசையாது. வெளிப்பக்கத்துக்கு அந்த ஒட்டுதல் இல்லை, பட்டையும் தளர்ச்சி. முட்டியை மடக்கினால் அது பின்னால் நழுவிக் கொடுக்கும்.

தெரு முனை ஆசாரி மரத்தில் இரண்டு எலும்பு கடைந்து தந்தார். சோல் ரப்பரை வெட்டி மெனிஸ்கஸ், ஆட்டுத்தோல் துண்டில் லிகமென்ட். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, உள்பக்கம் இறுக்கமாக, வெளிப்பக்கம் தளர்வாக, அப்படியே செய்து முடித்தேன். ஏன் அப்படி என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கும் செல்வி அக்காவுக்கும் டெமோ. ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அம்மா கம்பெனியில் செக்கர். தைத்து வரும் ஷூவில் எங்கே குறை இருந்தாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் அவருடைய வேலை. செல்வி அக்கா தையல் மிஷினில் இருப்பவர். இடது வலது இரண்டும் ஜோடி சேராவிட்டால், அந்த ஷூ எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைதான். இருபது வருஷமாக இந்த இரண்டு பேரும் பார்த்தது அதைத்தான்.

நான் கையை ஆட்டி ஆட்டி, மெனிஸ்கஸ் கிழிந்தால் முட்டி பூட்டிக்கொள்ளும், ஆபரேஷன் வரைக்கும் போகும், அதிலும் உள்பக்கம்தான் ஜாஸ்தி கிழியும் என்று பயமுறுத்தினேன். அம்மா ரொம்ப நேரம் மாடலையே பார்த்தார்.

"உள்பக்கம் மட்டும் ஏன்டா கிழியுது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வர வேண்டுமே. "அதெல்லாம் ஆழமான சப்ஜெக்ட்மா, உனக்குப் புரியாது" என்றேன்.

(இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நாலு அறை விட்டிருக்கலாம். யாரும் விடவில்லை. அதனால்தான் விஷயம் இவ்வளவு தூரம் போனது.)

மறுநாள் பள்ளிகொண்டாவில் நண்பன் வீட்டில் படிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாடல் கண்ணில் படவில்லை. ஷூ பெட்டி ஒன்று டேப் ஒட்டி மேஜை மேல் இருந்தது. ஏற்றுமதிச் சரக்கு மாதிரி பேக் செய்து வைத்திருக்கிறோம், பிரித்தால் கெட்டுவிடும், அங்கே போய்த் திற என்றார் அம்மா. செல்வி அக்கா ஒரு மாதிரி சிரித்தார். தாய்ப்பாசம் என்று நினைத்து நான் நெகிழ்ந்து போனேன்.

இப்போது லேபுக்கு வருவோம்.

டேப்பைக் கிழித்தேன். மேலே மெல்லிய வெள்ளைக் காகிதம். அதை எடுத்தால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் ஒன்று. எக்ஸ்டர்னல் சார் அந்தப் பாக்கெட்டை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். முட்டி வெளியே வந்தது. நான் விட்டுப்போனதைவிட அழகாக இருந்தது. ஓரமெல்லாம் டபுள் தையல். வெளிப்பக்கத்து லிகமென்டுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு அம்புக்குறி.

"பரவால்லயே, பாயிண்டர்லாம் ஒட்டியிருக்க. இது எந்த ஸ்ட்ரக்சர்?" என்றார் சார்.

"கொரோனரி லிகமென்ட் சார்" என்றேன். என் வாழ்க்கையில் அம்மாவின் ஸ்டிக்கர் எனக்கு மார்க் வாங்கித் தந்த ஒரே சமயம் அது. சார் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

சார் முட்டியை மடக்கச் சொன்னார். மடக்கினேன். மடங்கவில்லை. கொஞ்சம் பலமாக மடக்கினேன். முனுசாமி அண்ணன் ஓரடி பின்னால் போனார். அனுபவசாலி.

"பேஷன்ட்டுக்கு இன்னாப்பா, பிறவியிலயே இப்படியா?" என்றார் சார்.

மேஜை விளிம்பில் கீழ் எலும்பை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் தொடை எலும்பை அழுத்தினேன். டர்ரென்று ஒரு சத்தம். தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, கம்பெனித் தையல். கிழிந்தது ரப்பர். வெளிப்பக்கத்து மெனிஸ்கஸ் நடுவில் இரண்டாகப் பிளந்து, பிடி விட்ட வேகத்தில் தொடை எலும்பு கையிலிருந்து எம்பி, சார் சட்டைப் பாக்கெட்டில் இருந்த கண்ணாடியில் போய் முட்டியது. கண்ணாடியின் ஒரு காது தனியாகத் தொங்கியது.

எனக்குக் கண் முன்னால் வெள்ளைக் கோட்டும், அதற்குப் பின்னால் பேக்கிங் செக்‌ஷனும் தெரிந்தன.

"யார் தச்சது இது?" என்று சார் கேட்டார்.

பொய் சொல்லும் நிலைமையில் நான் இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா செக்கர், செல்வி அக்கா தையல், ஜோடி சேராவிட்டால் பிரித்துத் திரும்பத் தைக்கிற ரீவொர்க், அம்புக்குறி பாயிண்டர் இல்லை, குறை. உள்பக்கம் டைட், வெளிப்பக்கம் லூஸ் என்று இருந்ததைப் பார்த்து, பிள்ளை ஒரு பக்கம் சரியாகத் தைக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்து இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கியிருப்பார்கள் என்றேன்.

மேடம் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு இருமினார். சார் சிரிக்கவில்லை. கிழிந்த ரப்பரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சரி. உள்பக்கத்து மெனிஸ்கஸ் ஏன் ஜாஸ்தி கிழியுது?"

அம்மா கேட்ட அதே கேள்வி. நான் கையிலிருந்த ரப்பரைப் பார்த்தேன்.

"இது லூசா இருந்திருந்தா நழுவிப் போயிருக்கும் சார். இறுக்கித் தச்சதால நழுவ முடியல, கிழிஞ்சிடுச்சி." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "உள்பக்கம் பொறக்கும்போதே இறுக்கமாத்தான் சார் இருக்குது."

சார் காது போன கண்ணாடியை மூக்கில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மார்க் ஷீட்டில் எதையோ எழுதினார். பிறகு, இந்த மாடலைப் பிரித்துச் சரியாகத் தைத்துத் துறைக்கே கொடுத்துவிட வேண்டும், தைக்கிறவர்களிடம் இந்த முறை காரணத்தையும் சொல்ல வேண்டும் என்றார். மாடலுக்கு இருபதுக்கு இரண்டு மார்க் போட்டிருந்தார். வைவா என்கிற வாய்மொழிக் கேள்விகளும் மற்றதும் சேர்த்து நூற்றுக்கு மொத்தம் ஐம்பது. பாஸ் மார்க் ஐம்பது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது நான் எதிர்பார்த்தது கொஞ்சம் வருத்தம், ஒரு மன்னிப்பு. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"லூசா இருக்கறதுதான் டிசைன்னு நீ சொல்ல வேண்டியதுதான? கேட்டேனா இல்லியா?"

"நீ கேட்டம்மா."

"இன்னா சொன்ன?"

எனக்கு முந்தி செல்வி அக்கா சொன்னார், என் குரலிலேயே, கையை ஆட்டிக் காட்டி: "ஆழமான சப்ஜெக்ட்மா, உனக்குப் புரியாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது ஆடினாலும், கட்டில் கால், குழாய், அப்பாவின் பல், முதலில் வரும் கேள்வி இதுதான்: "இது டிஃபெக்டா, டிசைனா?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். வார்டுக்குப் போன முதல் நாள் பேஷன்டுகள் எல்லாம் என் முதுகையே பார்த்துச் சிரித்தார்கள். மதியம் கோட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, பின்பக்கம் ஒரு சிவப்பு அம்புக்குறி, மேல் நோக்கி, நேராக என் தலையைக் காட்டிக்கொண்டு.

மாடலைப் பிரித்துத் தைக்க அம்மாவும் செல்வி அக்காவும் ஆளுக்கு அரை நாள் லீவு போட்டார்கள், சம்பளத்தில் பிடித்தம் நானூறு. புது ரப்பர் அறுபது. மறுநாளும் தேர்வு நடத்த வந்த சார் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அம்மா என்னை லாங் பஜார் கண்ணாடிக் கடைக்கு அனுப்பி மாற்ற வைத்த கண்ணாடிக் காது நூற்றெண்பது. ஆக மொத்தம் அறுநூற்று நாற்பது ரூபாய்.