குடும்பத்தோடு வாங்கிய டோக்கன்

முட்டாள்களில் இரண்டு வகை. தனியாகப் போய்க் குழியில் விழுகிறவன் ஒருவன். சொந்தக்காரர்களை வேன் பிடித்து ஏற்றிக்கொண்டு போய் விழுகிறவன் இன்னொருவன். நான் இரண்டாவது.

சிங்கப்பூர் ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிறவன் நான். புதிதாக வெளிவந்த கிரிப்டோ டோக்கன் ஒன்றை இரண்டாயிரம் வெள்ளிக்கு வாங்கி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையடித்தேன். (வாயை மூடிக்கொண்டிருந்தால் இதை எழுதும் நிலை வந்திருக்குமா?) லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் சித்தப்பா உடனே மூவாயிரத்துக்கு வாங்கினார். தம்பி வாங்கினால் அவர் அண்ணன், சிம்பாங் ரெங்கம் ஊர்ப் பெரியப்பா, சும்மா இருப்பாரா? ஐயாயிரம். மொய் எழுதுவதுபோல ஒருவரை ஒருவர் மிஞ்ச, விலை ஏறிக்கொண்டே போனது. "உலகமே வாங்குது!" என்று நான் குழுவில் முழங்கினேன்.

ரெங்கத்தில் இருக்கும் அக்கா, ஒழுகும் கூரையை மாற்றச் சேர்த்த எட்டாயிரத்தை என்னிடம் தந்தாள். "நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றாள். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஒரு ஞாயிறு மதியம் அவள் வீட்டில் எல்லாரும் கூடினோம். திரையில் அவள் பணம் நாற்பதாயிரமாக நின்றது. எல்லார் முன்னாலும் விற்றுக் காட்டுகிறேன் என்று கைப்பேசியை டிவியோடு இணைத்தேன். அக்கா ஆட்டுக்கறி சமைத்திருந்தாள்.

முதலில் கால்வாசியை விற்றேன். பத்தாயிரம் வரவேண்டிய இடத்தில் அறுநூறு வந்தது. விலை மளமளவென்று சரிந்தது.

"லைன் ஸ்லோ லா" என்றேன்.

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "நாம விக்கிறோம் சரி, வாங்குறது யாருடா?"

இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. வாங்கியவர்கள் பட்டியலைத் திறந்தேன். பெயர் இல்லாவிட்டாலும் தொகையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். கடைசி ஒரு வாரமாக அந்த டோக்கனை வாங்கிய உலகம் முழுவதும் அந்த ஹாலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. டோக்கனை வெளியிட்டவர்களோ, விற்பவர்களுக்கு மாற்றிக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியை எப்போதோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள். விலை மட்டும் பொம்மை மாதிரி திரையில் நின்றிருந்தது.

"அலமாக்! வேற ஆளே இல்லையா?" என்று பெரியப்பா கைப்பேசியை எடுத்தார். சித்தப்பா கறிக்கையோடே எடுத்தார். அண்ணனும் தம்பியும் போட்டி போட்டு விற்றதில், மீதியிருந்த அக்கா பணத்துக்கு இருநூறு வெள்ளிகூடத் தேறவில்லை.

"சாப்பிடு, ஆறிடும்" என்றாள் அக்கா. தலை நிமிராமல் தின்றேன். (தின்றேன் என்பதுதான் இன்னும் கேவலம்.)

ஒன்றரை வருடம் ஓவர்டைம் பார்த்துக் கூரையை மாற்றிக் கொடுத்தேன். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் யார் எதற்கு விலை சொன்னாலும், பழைய காரோ பலாப்பழமோ, அக்கா மகள் கேட்பாள்: "இது மாமா வெலையா, நெஜ வெலையா?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அக்கா மட்டும், "அடுப்புல கொழம்பு இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.