மாவுமில் மாப்பிள்ளையின் குடும்பப்பெயர்

இனிமேல் தன்னை யாரும் 'மாவுமில் மாப்பிள்ளை' என்று கூப்பிடக் கூடாது என்று அவர் முடிவு கட்டியபோது, முகத்தில் பாதி சோப்பு நுரை மிச்சம் இருந்தது. மீதியை வழித்து முடிப்பதற்குள் திட்டமும் தயாராகிவிட்டது. அந்த அவசரத்தில் இடது கன்னத்தில் ஒரு வெட்டு விழுந்தது. வீரம் என்றால் கொஞ்சம் ரத்தம் சிந்தத்தானே வேண்டும் என்று பஞ்சை ஒட்டிக்கொண்டார்.

நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு பைண்டிங் போடுவது அவர் வேலை. நாமாவது அவரை பைண்டர் என்று கூப்பிடுவோம், பாவம். ஏனென்றால் வேறு யாரும் கூப்பிடுவதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மாமனார் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். கீழே மாமனாரின் மாவு மில். காலையில் பெல்ட் சுற்ற ஆரம்பித்தால் மாடியில் தட்டு, டம்ளர், பைண்டர் எல்லாம் சேர்ந்து ஆடும். தெருவுக்கு அவர் மாவுமில் மாப்பிள்ளை. முடிதிருத்தும் கடையில் மாவுமில் மாப்பிள்ளை. போன வாரம் நூலகத்துக்கே போன் வந்தது. எடுத்த அதிகாரி, அத்தனை பேர் படித்துக்கொண்டிருந்த கூடத்தில், "மாவுமில் மாப்பிள்ளை யாருப்பா?" என்று கத்தினார். பைண்டர் எழுந்து போய்ப் பேசினார். மாமனார்தான். வரும்போது சல்லடைக்கு ஆணி வாங்கி வரச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அவர் மேஜைக்கு ஒரு தடிப் புத்தகம் வந்து சேர்ந்தது. முதுகு உடைந்து, தாள்கள் கழன்று கிடந்தது. பல நாட்டுக் குடும்பப்பெயர்களும் அவை வந்த கதையும் என்பது விஷயம். பைண்டர் எந்தப் புத்தகத்தையும் ஒழுங்காகப் படித்ததில்லை. ஆனால் ஊசி ஏறும் இடத்தில் கண்ணும் ஏறும். அப்படிப் படித்தே பாதி உலகத்தை அறிந்து வைத்திருந்தார். மீதிப் பாதியைப் பற்றி யாராவது கேட்டால்தான் கஷ்டம்.

அவர்கள் ஊரில் குடும்பப்பெயர் என்ற ஒன்றே கிடையாது. ஆளுக்கு ஒரு பெயர், தெரு வைத்த பட்டப்பெயர், அவ்வளவுதான். சவரம் செய்யும்போது அந்தப் புத்தகம் நினைவுக்கு வந்ததும் பைண்டருக்கு வழி பிறந்துவிட்டது. நல்ல கம்பீரமான குடும்பப்பெயர் ஒன்றைப் பித்தளையில் வெட்டி வாசலில் மாட்டிவிட்டால் மாவுமில் மாப்பிள்ளை தானாக ஒழிந்துவிடுவான்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். மனைவி மில்லில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். புருவமெல்லாம் வெள்ளை.

"நம்ம குடும்பத்துக்கு ஒரு பேரு வைக்கப் போறேன்."

"பிறந்து இத்தனை வருஷம் கழிச்சா?"

"சிரிக்காதே. குடும்பப்பெயர் நாலு வழியில வரும். முதல் வழி, தொழில். ஸ்மித்னு கேள்விப்பட்டிருக்கியா? கொல்லர்னு அர்த்தம். டெய்லருக்கு அர்த்தமே சொல்ல வேண்டாம்."

"உங்க தொழில் பசை தடவறது."

"பைண்டிங்!"

"அப்ப 'பசை'ன்னு போட்டுக்கலாமா? வர்றவங்க கதவைத் தொடவே யோசிப்பாங்க."

பைண்டர் அதைக் காதில் வாங்காமல் அடுத்த வழிக்குத் தாவினார். "ரெண்டாவது, அப்பா பேரு. வடக்கே குளிர்ல ஒரு தீவு இருக்கு. அங்க அப்பா பேரோட மகன், மகள்னு சேர்த்துக்குவாங்க. அண்ணனுக்கு ஒரு பேரு, தங்கச்சிக்கு ஒரு பேரு."

"உங்கப்பாவை ஊரு என்னன்னு கூப்பிட்டுச்சு?"

"அதை விடு."

விடத்தான் வேண்டும். பைண்டரின் அப்பா கடிகாரம் பழுது பார்த்தவர். எப்போது வந்து கேட்டாலும் "நாளைக்கு" என்பார். ஊர் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். கடையில் தொங்கிய கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருக்க, 'நாளைக்கு' நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படிப்பார்.

"'நாளைக்கு மகன்'. நல்லாத்தாங்க இருக்கு. மாடிப்படி பல்பை மாத்தச் சொன்னா நீங்களும் அதைத்தானே சொல்றீங்க."

"மூணாவது," என்று பைண்டர் குரலை உயர்த்தினார், "ஆளோட தோற்றம். குட்டை, நெட்டை, மொட்டைன்னு கூட அந்தக் காலத்துல..."

மனைவி அவர் தலை உச்சியைப் பார்த்தாள்.

"சொல்லாதே."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"நாலாவது, இடம். அதான் நமக்கு. எங்க பரம்பரையில ஒருத்தர் கோட்டைக்குள்ள இருந்திருக்கார்."

"எதுக்குப் பிடிச்சாங்க?"

"காவலுக்கும்மா!"

"காவல்ல இருந்தாரா, காவல் காத்தாரா?"

பைண்டருக்கே அது சரியாகத் தெரியாது. "ரெண்டும் கோட்டைக்குள்ளதானே?" என்று முடித்துவிட்டார். "ஆக, 'கோட்டை'. கோட்டைக் குடும்பம்! கல்யாணம் ஆனா மனைவி கணவனோட பேரை எடுத்துக்கணும். நீயும் கோட்டை. இந்த வீடும் கோட்டை."

"அப்படி யாரு சொன்னா?"

"புத்தகம் சொல்லுது." பக்கத்தைப் பிரித்து விரலை ஊன்றினார். "'திருமணத்துக்குப் பின் மனைவி கணவரின் குடும்பப்பெயரை ஏற்பது பல நாடுகளில் வழக்கம்.' படிச்சுக்கோ. உலகம் பூரா இதான்."

"பூராவா?"

"பூரா!"

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியத்தோடு அந்தப் பக்கம் முடிகிறது. தாளைத் திருப்பினால் அடுத்த பக்கம் 'ஆனால்' என்று தொடங்கும். அந்த 'ஆனால்' பைண்டருக்கு அறவே பிடிக்கவில்லை. சில நாடுகளில் மனைவி தன் பெயரைவிட்டு அசைய மாட்டாள். சில நாடுகளில் பிள்ளைக்கு அப்பா பெயரும் உண்டு, அம்மா பெயரும் உண்டு. அதற்குக் கீழேதான் அணுகுண்டு இருந்தது. கிழக்கே ஒரு நாட்டில், ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு மருமகனாகப் போய்க் குடியேறுகிறவர் மனைவி வீட்டுப் பெயரை ஏற்றுக்கொள்வதுண்டு. அன்று மதியம் நூலகத்தில் பைண்டர் அதைப் படித்ததும் சுற்றும் முற்றும் பார்த்தார். கிண்ணத்தில் பசை இருந்தது. அந்தத் தாளையும் அடுத்த தாளையும் சேர்த்து ஒட்டி, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். கிழிந்ததை ஒட்டிக் கொடுக்கத்தான் சம்பளம். கிழியாததையும் ஒட்டியது அன்றுதான் முதல் தடவை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். தாள்களைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு உருட்டிப் பார்த்தாள். மாவு நைசா, கொரகொரப்பா என்று பார்ப்பாளே, அதே மாதிரி.

"இது மட்டும் தடிப்பா இருக்கே?"

"படம் போட்ட தாள். அப்படித்தான் இருக்கும்."

"படத்தைக் காணோமே?"

"அச்சு... விட்டுப்போச்சு."

"சரிங்க," என்றாள் அவள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த 'சரிங்க' வந்த போதெல்லாம் என்ன நடந்தது என்று பைண்டர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவர் யோசிக்கவில்லை. கோட்டைக்கு உள்ளே குடிபோய்விட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. புத்தகத்துல என்ன இருக்கோ அதுபடிதானே செய்யப் போறீங்க? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"ஒரு வரி மாறினாலும் ஏன்னு கேளு!"

"மில்லு மேல கையை வச்சுச் சொல்லுங்க."

வைத்துச் சொன்னார். மாமனாரும் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் அவருக்குக் காது பாதிதான் கேட்கும். மாப்பிள்ளை மில்லைத் தடவிக் கொடுப்பதைப் பார்த்து அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அன்றைக்கு டீ வர நேரமானது. அடுப்படியில் கெட்டில் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே இருந்தது. "டீ என்னாச்சு?" என்று பைண்டர் இரண்டு தரம் குரல் கொடுத்தார். "ஆவி வந்துகிட்டிருக்குங்க" என்று பதில் வந்தது. ஆவி எதற்கு, எதன் மேல் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் பெயர்ப்பலகைக் கடைக்குப் போய், 'கோட்டை' என்று பித்தளையில் கொட்டை எழுத்தில் வெட்டச் சொன்னார். "எல்லாம் புத்தகத்துல இருக்கற முறைப்படிதான்" என்று அங்கேயும் ஒரு பெருமை அடித்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பலகை வந்தது. கடைக்காரரே துளை போடும் மெஷினோடு வந்திருந்தார். கோதுமைப் பையோடு வந்த நாலைந்து பேர் என்னவோ ஏதோ என்று நின்றுவிட்டார்கள். பைண்டர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தார்.

பித்தளை பளபளவென்று மின்னியது. அதில் 'மாவுமில்' என்று இருந்தது.

"யோவ், என்னய்யா இது?"

"அக்கா வந்து மாத்தச் சொன்னாங்க சார். புத்தகத்தையே கொண்டாந்து, மருமகன் மனைவி வீட்டுப் பேரை எடுத்துக்கற பக்கத்தைக் காட்டினாங்க. நீங்களும் புத்தகத்துல இருக்கற முறைப்படின்னு சொன்னீங்களே?"

"அந்தப் பக்கத்தை எப்படிக் காட்ட முடியும்? அதை நான்தான் ஒட்..."

வாயை மூடினார். ஆனால் கோதுமைப் பைக்காரர்கள் உட்பட எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. பாதி காது கேட்கும் மாமனாருக்குக்கூட அன்றைக்கென்று முழுசாகக் கேட்டது.

மனைவி புத்தகத்தோடு வந்தாள். அந்தத் தாள்கள் இரண்டும் ஆவி பிடித்து லேசாகச் சுருங்கி, தனித்தனியாக நின்றன. "நல்லாத்தாங்க ஒட்டியிருந்தீங்க. ஆனா உங்க பசைக்கு மாவு எங்கேருந்து போகுது? நம்ம மில்லுலேருந்துதானே. ஓரத்தைத் தொட்டதுமே தெரிஞ்சுது, நான் சலிச்ச மாவுன்னு. கொஞ்சம் ஆவி காட்டினேன், விட்டுக் கொடுத்துடுச்சு."

"இந்தப் பேரு ஒரு பேரா? 'கோட்டை'ன்னா எவ்வளவு கம்பீரம்!"

"அதையும் பாத்தேங்க." அவள் பக்கத்தைப் புரட்டினாள். "மில்லர். முல்லர். மொலினாரி. மெல்னிக். எல்லாம் வேற வேற நாடு. எல்லாத்துக்கும் மாவு அரைக்கறவர்னுதான் அர்த்தம் போட்டிருக்கு. உலகம் பூரா நம்ம சொந்தக்காரங்க இருக்காங்க. 'பூரா'ன்னா இதைச் சொல்லணும்."

அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அண்ணன் தம்பி கிடையாதுங்க. அப்பாவுக்கு அப்புறம் இந்தப் பேரைச் சொல்ல யாரு இருக்கா? உங்களுக்கு அது அவ்வளவு கசக்குதா?"

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆணி வாங்கி வரச் சொல்லி போன் செய்த மனிதர், வீட்டில் எது நல்லது வந்தாலும் முதலில் மாப்பிள்ளைக்கு என்று எடுத்து வைப்பவரும் கூட. அதை நினைத்ததும் பைண்டருக்கு வெட்கமாகிவிட்டது.

"கசக்கலை," என்றார் மெதுவாக. "அந்த 'மாப்பிள்ளை'ங்கற வாலுதான்..."

"அட, அதுக்குத்தாங்க சொல்றேன்! பேரு இல்லாததாலதான் வாலு. பேரையே நீங்க எடுத்துக்கிட்டா அப்புறம் வாலு ஏது? நீங்களே மாவுமில். மாவுமில்லே நீங்க!"

பைண்டர் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாமனார் ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். பைண்டரே ஏறி, தன் கையாலேயே திருகாணியை முறுக்கி, பலகையை மாட்டினார். இறங்கி நின்று பார்த்தபோது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. வெயில் பட்டு எழுத்தின் ஒளி எதிர்ச்சுவர் வரை அடித்தது.

அந்த வாரம் முழுக்க, சாயங்காலமானால் அவர் வாசலை விட்டு நகரவில்லை. நூலகம் விட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பலகைக்குக் கீழே வந்து நின்றுகொள்வார். கையில் எப்போதும் ஒரு துணி. மின்னாத இடத்தையும் துடைப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று பலகையைப் படிப்பார்கள், அப்புறம் அவரைப் பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டி ஆமோதிப்பார்.

ஒரு நாள் முன்பின் பார்த்திராத ஒருவர், தோளில் கோதுமைப் பையோடு, மூச்சு வாங்க வந்து நின்றார். பலகையைப் படித்தார். பைண்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

பைண்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "சொல்லுங்க. நான்தான் மாவுமில்."

"அப்பாடா, சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். முனைக்கடையில வழி கேட்டேன். 'பலகையெல்லாம் பாக்க வேணாம், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு கையில துணியோட ஒருத்தர் வாசல்ல நிப்பார், அவர்தான் மாவுமில் மாப்பிள்ளை, அதான் வீடு'ன்னு சொன்னாங்க. கொஞ்சம் உள்ள போயி அம்மாவைக் கூப்பிடறீங்களா?"