கியூ அண்ணையும் வராத லப்ரொப்பும்

சாமான் வாங்குவதற்காக வரிசையில் நிற்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். வரிசையில் நிற்பதற்காகச் சாமானைத் தேடித் திரிந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே எங்கள் நெல்லியடிக் கியூ அண்ணைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவருக்கே அது மறந்துபோயிருக்கும்.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாடே தெருவில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தட்டுப்பாடு தீர்ந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். கியூ அண்ணை போகவில்லை. மடிக்கிற ஸ்ரூல் ஒன்று, பால் விடாத பிளேன்ரீப் போத்தல் ஒன்று, கம்பி வளைந்த குடை ஒன்று. இவ்வளவும்தான் அவருடைய ஆயுதங்கள். தெருவில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் ஐந்தாவது ஆள் அவர். எதற்காக நிற்கிறார்கள் என்று விசாரிப்பதெல்லாம் பிறகு.

அப்படித்தான் ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒரு வரிசையைக் கண்டு போய் நின்றுவிட்டார். அது நாய்க்கடிக்கு ஊசி போடுகிற வரிசை.

"ஐயா, நாய் எப்ப கடிச்சது?" என்று தாதி கேட்டாளாம்.

"இன்னும் கடிக்கேல்லைப் பிள்ளை. மருந்து முடியமுன்னம் போட்டுவிடு. நாய் ஆறுதலா வந்து கடிக்கட்டும்."

செத்தவீட்டிலும் அவரால் சும்மா இருக்க முடியாது. வாய்க்கரிசி போடச் சனம் முண்டியடித்ததைப் பொறுக்காமல் பிரேதத்தின் தலைமாட்டில் நின்று ஒழுங்கு பண்ணத் தொடங்கிவிட்டார். கொழும்பிலிருந்து அழுதுகொண்டு ஓடிவந்த, செத்தவரின் கூடப்பிறந்த தமையனையே கையைக் காட்டி மறித்தார். "அண்ணை, அழுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா பின்னுக்கு நிண்டு அழுங்கோ."

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். என்னைத் தெரியாதவர்கள் வடமராட்சியில் மிகக் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மின்சாரமே இல்லாத சண்டைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஊருக்கு றேடியோச் செய்தி கேட்க வைத்த கை இந்தக் கை. அதே கையால்தான் இன்று நெல்லியடியில் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி பூட்டி, கொம்பியூட்டர் கடை நடத்துகிறேன். இங்கிலிசில் என் பெயரை மட்டும் எழுதுவேன். மிச்சத்தை எழுத என்னிடம் பட்டதாரிகள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். முற்பணம் என்று ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. "அண்ணை, ஒண்டு எனக்கு" என்று சாமான் கேட்டு வருகிறவர்கள் சொன்னால், "சரி, உனக்கு" என்று நான் சொல்வேன். அதோடு விசயம் முடிந்தது.

போன வருசம் புது லப்ரொப் ஒன்று வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே கதை. பாரமில்லை, மெல்லிசு, பற்றறி நாள் முழுக்க நிற்கும். எங்கள் பக்கத்துக் கரண்ட் கட்டுக்கு அளவெடுத்துச் செய்தது போல ஒரு சாமான். கரவெட்டி, அச்சுவேலி, பருத்தித்துறை என்று எல்லா இடத்திலிருந்தும் சனம் வந்து சொல்லி வைத்தது. வடக்கில் முதல் வெளியீடு என் கடையில்தான் என்று கொழும்பு ஏஜென்ற் வாக்குத் தந்தான். நான் சும்மா இருப்பேனா? சந்தியில் பனர் கட்டினேன். நிறைகுடம், குத்துவிளக்கு, வடை, சோடா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் சிறப்புரை என்று கலியாணவீட்டுக் கணக்கில் விழா ஒழுங்கு பண்ணினேன்.

விழா அன்று விடிய ஏஜென்ற் ரெலிபோன் எடுத்தான்.

"ஐயா, கொஞ்சம் லேட்டாகும். கப்பல் இன்னும் வரல்ல."

"கப்பலோ? லொறியிலை ஏத்தியாச்சு எண்டெல்லோ தம்பி நேற்றுச் சொன்னனீர்?"

"அது ஒரு நம்பிக்கையில சொன்னது ஐயா."

வெளியே அதிபர் வந்து இறங்கிவிட்டார். சனம் வந்துவிட்டது. வடையும் வந்துவிட்டது. லப்ரொப்புக்கென்று பட்டுத்துணி மூடி வைத்திருந்த மேசையை அப்படியே விட்டுவிட்டேன். அதிபரிடம் விசயத்தைச் சொல்ல இரண்டு தரம் கிட்டப் போனேன். அவர் "பிறகு, பிறகு" என்று கையைக் காட்டிவிட்டுக் கணினியும் நாளைய சந்ததியும் என்று முழங்கி முடித்து, துணியைப் பிடித்து இழுத்தார். உள்ளே மேசையும் ஒரு பூமாலையும்தான் கிடந்தன.

பருத்தித்துறையில் வள்ளங்கள் வைத்து மீன்பிடித்தொழில் செய்கிற சம்மாட்டி ஒருவர் மகனுக்காகச் சொல்லி வைத்திருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மெல்லிசு எண்டு சொன்னவைதான். இவ்வளவு மெல்லிசு எண்டு எனக்குத் தெரியாது."

சனம் சிரித்தது. சிரித்தபடியே வடையையும் தின்றுவிட்டுப் போனது. நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று என் மனுசியிடம் கேளுங்கள், சொல்லுவாள்.

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மோட்டச்சைக்கிளில் போகிற ஒருவர் தினமும் கடைவாசலில் ஹோர்ன் அடித்து, விரலைத் தூக்கி "என்ன?" என்று கேட்பார். நான் கையை விரிப்பேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போவார். கோயிலுக்குப் போனால் ஐயர் திருநீறு தருகிற கையைப் பாதியில் நிற்பாட்டி, "லப்ரொப் வந்திட்டுதே?" என்று கேட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கிற மெதடிஸ்ற் ரீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய பழைய கொம்பியூட்டர் சாகக் கிடந்தது. ஏசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. காலையில் ரெலிபோன் எடுத்து, "உங்களுக்காகச் செபிச்சனான். வந்திட்டுதோ?" என்பார். பின்னேரமும் எடுத்து, "திருப்பியும் செபிச்சனான்" என்பார். ஏச்சைவிட அது மோசம்.

"இஞ்சாருங்கோ, குரக்கன் புட்டுக்கூட இறங்குதில்லையே உங்களுக்கு?" என்றாள் மனுசி. இறங்கவில்லை. ஏனென்றால் ஏஜென்ற் புதுக்கதை ஒன்று சொல்லியிருந்தான்.

"ஐயா, வாற ஸ்ரொக் காணாது. எல்லாக் கடைக்கும் குடுக்க ஏலாது. ஆக்கள் காத்திருக்கிற கடைக்குத்தான் லொறி வரும். உங்க ஆக்கள் விட்டுட்டுப் போனா, எல்லாத்தையும் யாழ்ப்பாணம் டவுன் கடைக்கு மாத்திருவாங்க."

என் ஆட்களோ போவதற்குத்தான் கால் மாறி நின்றார்கள். முற்பணம் வாங்காத பெருமை இப்போது கழுத்தைப் பிடித்தது. அவர்களைக் கட்டி வைக்க என்னிடம் ஒரு கயிறும் இல்லை. டவுன் கடைக்கு அவர்கள் போனால் லப்ரொப் மட்டுமா போகும்? டைனமோ சுற்றின காலத்திலிருந்து நான் சேர்த்த பெயரும் அவர்கள் போகிற பஸ்ஸிலேயே ஏறிப் போய்விடும்.

அடுத்தநாள் கடை திறக்கப் போகிறேன், வாசலில் ஸ்ரூலைப் போட்டுக்கொண்டு கியூ அண்ணை இருக்கிறார்.

"முதலாளி, இஞ்சை ஏதோ தட்டுப்பாடாமே?"

"ஓம் அண்ணை. லப்ரொப்."

"கடைசி ஆள் ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப நான்தான் முதல்," என்று பிளேன்ரீயை ஊற்றத் தொடங்கிவிட்டார்.

இருக்கிற கரைச்சலுக்குள் இதுவும் ஒன்றா என்று நினைத்தேன். நேருக்கு நேர் நின்று கேட்டுவிட்டு டவுனுக்குப் போவோம் என்று ரீச்சர் வந்தார். வாசலில் ஆள் இருப்பதைக் கண்டதும் அவருடைய கால் தானாக நின்றது. பெற்றோல் காலத்தில் பழகின கால் அல்லவா? "அண்ணை, உங்களுக்குப் பிறகு நானோ?" என்று கேட்டுப் பின்னால் நின்றார். அடுத்து வந்தவருக்கு இரண்டு பேரைக் கண்டதும் பயம் பிடித்துவிட்டது. தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அவரும் நின்றார். ஏசுவதற்கென்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்த சம்மாட்டியும் வரிசையைக் கண்டு, "என்னை விட்டிட்டு ஆர் முன்னுக்கு நிக்கிறது?" என்று கத்திக்கொண்டே பின்னால் போய் நின்றார். மத்தியானத்துக்குள் வால் சந்திவரை நீண்டது. நேற்றுவரை என்னோடு சண்டை பிடித்தவர்கள், இப்போது யார் முன், யார் பின் என்று தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள். எனக்கு முதல்முறையாக ஒரு வாய் சோறு இறங்கியது.

கியூ அண்ணையிடம் சட்டம் இருந்தது. ஆள் போனாலும் சாமானை வைத்து இடம் பிடிக்கலாம். சாப்பிடப் போனால் சாமான் செல்லும், மருந்தெடுக்கப் போனால் செல்லும், சண்டை பிடிக்கப் போனால் செல்லாது. ஆகவே ஹெல்மெற், செருப்பு, பாதிச் சீமெந்துக்கல் எல்லாம் வரிசையில் நின்றன. சம்மாட்டி தான் மீன் போடுகிற பனையோலைக் கடகத்தை வைத்தார். அதற்குப் பின்னால் மூன்று பூனைகளும் ஒழுங்காக வரிசையில் இருந்தன. சிலர் பழைய பழக்கத்தில் வீட்டிலிருந்து மண்ணெண்ணெய்க் கான்களைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பிசகியது அங்கேதான். தெருவால் போன சனம் கான் வரிசையைக் கண்டது. அடுத்த நிமிசம் ஊர் முழுக்கக் கதை: "எண்ணெய் முடியப்போகுதாம்! நெல்லியடியிலை கியூ தொடங்கிட்டுது!" உழவு மெசினில் பீப்பா ஏற்றிக்கொண்டு ஒருவர் என் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணை, டீசலும் குடுக்கிறியளோ?" என்றார். சந்தியில் இருக்கிற பெற்றோல் செட்டில் வாகனங்கள் அடைத்துவிட்டன. அதன் மனேச்சர் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடிவந்தார்.

"நீங்கள் கொம்பியூட்டர் விக்கிறதுக்கு நான் ஏனய்யா பெற்றோல் அடிச்சுச் சாக வேணும்? உந்தக் கான்களை எடுக்கச் சொல்லுங்கோ!"

"ஆரடா எங்கடை முதலாளியை அதட்டுறது?" என்று சம்மாட்டி பாய்ந்தார். நேற்றுவரை என்னைக் கள்ளன் என்று சொன்ன வாய் அது. மனேச்சரைத் துரத்திக்கொண்டு செட் வரைக்கும் போய், அங்கே நின்று மீன்சந்தை மொழியில் நியாயம் கேட்டார்.

நான் அந்த நேரத்தில் புத்தியாக ஒரு வேலை செய்தேன். வரிசையைத் தலையிலிருந்து வால்வரை போனில் படம் எடுத்து ஏஜென்றுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஐயா, லொறி யாழ்ப்பாணம் வந்துட்டுது. இப்பவே உங்களுக்குத் திருப்பி விடுறன்."

ஒரு மணித்தியாலத்துக்குள் லொறி வந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்து இரண்டு தரம் எண்ணினேன். நிற்கிற சனத்தில் பாதிக்குக்கூடப் பெட்டி இல்லை.

"அண்ணை, நீங்கள்தானே முதல். வாங்கோ," என்று கியூ அண்ணையைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஏன் உது? உதைத் திறக்கிறதே எந்தப் பக்கமெண்டு தெரியாது."

"அப்ப ஏனண்ணை இவ்வளவு நேரமும் நிண்டனீங்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நல்ல கேள்வி. முதல் ஆள் இல்லாட்டி ரண்டாவது ஆள் எப்பிடி வரும், முதலாளி?"

சொல்லிவிட்டு வரிசையை நடத்தத் தொடங்கினார். ரீச்சர் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லி முதல் பெட்டியை வாங்கினார். பிறகு அடுத்தவர், அடுத்தவர். மீன் கடகம் முன்னுக்கு வந்ததும் கியூ அண்ணை அதைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். சண்டை முடித்து, சால்வையால் முகம் துடைத்துக்கொண்டு சம்மாட்டி திரும்பி வந்தபோது கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

"என்ரை கடகம் அதிலை நிண்டதெல்லே!"

"சண்டைக்குப் போனால் செல்லாது, சம்மாட்டி. சட்டம்."

"உம்மடை சட்டத்தைக் கடலிலை போடும்! நான் யாழ்ப்பாணம் போறன். ஆரார் என்னோடை வாறியள்?"

மிச்சம் நின்ற அவ்வளவு பேரும் சம்மாட்டியைப் பார்த்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் ஓரடி எடுத்து வைத்தால் வரிசை முழுவதும் பின்னால் போகும், அடுத்த லொறியும் அவர்களோடு போகும்.

கியூ அண்ணை மட்டும் ஆறுதலாகப் போத்தல் மூடியைத் திருகினார். "போறதெண்டால் போங்கோ. அங்கை போனால் கடைசி ஆள். சட்டம் இந்த லொறியோடை சரி. அடுத்ததுக்கு இஞ்சை நீங்கள்தான் முதல் ஆள்."

சம்மாட்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தனக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சால்வையை உதறி வாசல்படியில் விரித்து, இருந்துவிட்டார்.

"அடுத்த லொறி எப்பவாம்?" என்று மட்டும் கேட்டார்.

அதுவும் வந்தது. எல்லோருக்கும் கிடைத்தது. கான்களும் கல்லுகளும் வீடு போய்ச் சேர்ந்தன. பூனைகளும் போய்விட்டன. அடுத்தநாள் காலை நான் பழையபடி நிமிர்ந்து நடந்து கடைக்கு வந்தேன். வாசலில், வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கியூ அண்ணை நின்றார். ஸ்ரூல் கக்கத்தில் மடித்தபடியே இருந்தது. அவருடைய பிள்ளைகள் எல்லாம் கனடாவில், வீட்டில் அவர் தனி என்பதை மனுசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"முதலாளி, இனி ஒண்டும் பிந்தாதோ?"

இரண்டு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடாதவன் நான். தட்டுப்பாடு என்ற சொல்லையே இனிக் கேட்கக்கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இல்லையென்பது?

"பிரின்ரர் மை வரப் பிந்துமாம் அண்ணை. எப்ப எண்டு சொல்லேலாது."

அவருக்கு உடம்பில் இரத்தம் ஓடியது தெரிந்தது. ஸ்ரூலை விரித்து, குடையை நிமிர்த்தி, போத்தலைத் திறந்தார். உள்ளே இறாக்கை நிறைய மைப் பெட்டிகள். என்னோடு கடைக்கு வந்திருந்த மனுசி அவற்றையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஒரு துணியை எடுத்துப் பெட்டிகளை மூடினாள். நான் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன்.